வாசிப்பதுபோல் பிடித்திருந்த தாள்

கிளைம் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். ராஜபாளையம் பைக் சர்வீஸ் சென்டரில் இருபத்தாறு வருஷம் அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவேன். பிழையிருந்தால் திருத்தச் சொல்லி, சென்டரில் வேலை பார்க்கிற காவியாவிடம் கொடுத்திருக்கிறேன். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

அந்த அறையில் போட்டதை உங்களில் சிலர் தண்டனையாக நினைப்பீர்கள். அப்படி நினைக்காதீர்கள். வாரண்டியில் ஒரு வண்டிக்குப் புதுச் சாமான் மாற்றினால், கழற்றிய பழையது உங்களிடம்தான் வரும். அதற்கு டேக் கட்டி, அலமாரியில் வைத்து, கம்பெனி ஆள் வந்து பார்க்கிறவரை காக்க வேண்டும். அவர் பார்த்த பிறகுதான் சுத்தியலால் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவோம். வண்டிக்காரர் சொன்னது நிஜமா பொய்யா என்பதற்கு அந்தப் பழைய இரும்பு ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியைக் காக்கிற ஆள் நீங்கள்.

என் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் வருவது விளங்கும். ஒருமுறை சேத்தூர்க்காரர் ஒருவருடைய வண்டியில் பேரிங் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் பழைய பேரிங்கைக் கொண்டுவந்து டேக் கட்டச் சொன்னான். கையில் வாங்கினேன். சக்கரத்து மண் அதில் இல்லை. சேத்தூர் வயல் பாதையில் ஓடுகிற வண்டியின் பேரிங்கில் செம்மண் இல்லாமல் இருக்குமா? “இது அந்த வண்டி பேரிங் இல்லலே. அத எங்க?” என்றேன். முறைத்தான். முதலாளிவரை போனது. கடைசியில் நிஜமான பேரிங் அவனுடைய டூல் பெட்டியில் இருந்தது. வெளியே வேறு வண்டிக்குப் போடுவதற்காகப் பதுக்கியிருந்தான். அது கெடவே இல்லை. அன்றிலிருந்து நான் டேக் கட்டினால் கட்டினதுதான், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

இன்னொரு பெருமையும் இருந்தது. டேக்கில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு அந்த எழுத்தெல்லாம் கோலம்தான். ஆனால் எந்தக் கோலம் கிளட்ச் பிளேட், எந்தக் கோலம் செயின் ஸ்ப்ராக்கெட் என்று முகம் பார்த்து ஆள் அடையாளம் சொல்வதுபோலச் சொல்லிவிடுவேன். நான் வாசிக்கிறேன் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இல்லையப்பா, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் வாங்கி, ஒருவர் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிடித்திருந்து, தலையாட்டித் திருப்பிக் கொடுப்பேன்.

மூன்றாவது பெருமை சுத்தம். ஆரம்பத்தில் வந்த கம்பெனி ஆள் ஒருவர், கையில் கிரீஸ் படாமல் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு கிளைம் ரூம் இல்லை என்று முதலாளியிடம் சொன்னார். அதிலிருந்து வருகிற சாமானையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டு, ஏர் அடித்து, துடைத்துத்தான் டேக் கட்டுவேன். நம் ஊர் வண்டிகளுக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. இங்கே கம்ப்யூட்டரில் சேசிஸ் நம்பரைப் போட்டதும் கிளைம் பாஸாகிவிடும். கம்பெனி ஆள் வருவது எண்ணிப் பார்க்க மட்டும்தான்.

இப்போது அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு வருகிறேன்.

ஒரு புரட்டாசி மாதம் மம்சாபுரம் விலக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மோட்டார் பைக் நின்றுபோய், லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஓட்டி வந்தது ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பொம்பளை. தனியாள். சொந்த தேசத்திலிருந்து வண்டியிலேயே புறப்பட்டு எத்தனையோ தேசம் கடந்து வந்திருந்தார். பின்பெட்டி மூடியில் ஒரு உலகப் படம் ஒட்டியிருந்தது. வந்த வழி முழுக்கப் பேனாவால் கோடு. கோடு நம் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. அதற்கு மேலே போகவேண்டிய தேசங்களுக்குப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். இந்தப் பயணத்துக்காகப் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி வேலையில் விடுமுறை எடுக்காமல் இருந்தாராம். இதையெல்லாம் எங்கள் ஹெட் மெக்கானிக் ஜெபராஜ் கேட்டுச் சொன்னான். அவனுக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும்.

வேடிக்கை என்னவென்றால் அந்த வண்டி நம் கம்பெனி வண்டி. இந்த நாட்டிலேயே செய்து, கப்பலேறி அவருடைய தேசத்துக்குப் போய், அங்கே அவர் வாங்கி, திரும்ப இங்கே ஓட்டி வந்திருக்கிறார். வாரண்டி இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் அந்தச் சேசிஸ் நம்பரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. ஏற்றுமதி வண்டியாம். பிறந்த வீட்டிலேயே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை.

இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டும், அதற்குள் சுற்றுகிற கேம் ஷாஃப்டும் போயிருந்தன. ஏற்றுமதி வண்டிக்கு ஹெட் வேறு மாதிரி. இங்கே எந்தக் கடையிலும் கிடையாது. காசு கொடுத்தாலும் தனி ஆளுக்கு பேக்டரியில் தர மாட்டார்கள். அவருடைய ஊர் டீலர் கிளைமை ஏற்றுக்கொண்டால் மட்டும் பேக்டரியிலிருந்து இங்கே அனுப்புவார்கள். ஏற்காவிட்டால் வண்டியைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பிவிட்டு அவர் ஊர் திரும்ப வேண்டியதுதான். வண்டியை இந்த நாட்டுக்குள் வைத்திருக்க அனுமதித்த காலமும் மூன்று வாரத்தில் முடிகிறது. அந்த டீலர் கேட்டது இரண்டே விஷயம்: ஏன் கெட்டது என்று தெரிகிற மாதிரி போட்டோ, கழற்றினது கழற்றினபடியே பழைய சாமான்.

அந்த அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, தினமும் பஸ்ஸில் வந்து போனார். எங்கள் வாசலில் டீக்கடை வைத்திருந்த அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். டம்ளரில் சீனியை அள்ளிப் போடுகிறவளும்கூட. அவளிடம் இந்த அம்மா முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை ‘சாலு’. போதும் என்று அர்த்தம். பிறகு யாரிடமும் எதற்கும் ‘சாலு’தான். என்னை எல்லாரும் கூப்பிடுவதைப் பார்த்து அவரும் ‘அக்கா’ என்றார்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு முன்னால் ஜெபராஜ் ஹெட்டைப் பிரித்தான். கேம் ஷாஃப்டைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கே ஓடி வந்தான்.

“யக்கா, இந்த ஓட்டையப் பாருங்க. ஆயில் போற ஓட்டை. உள்ள என்ன அடைச்சிருக்கு பாத்தீங்களா? கம்பெனில மூடி ஒட்டுத பேஸ்ட்டு. பொறவு ஆயில் எப்படி ஏறும்? அவிய மேல ஒரு தப்பும் கெடையாது. ஹெட்டு வந்துரும்.”

சாம்பல் நிறத்தில் மிளகு அளவு ஒரு கட்டி. என் கண்ணால் பார்த்தேன். ஜெபராஜ் அப்போதே லாட்ஜுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டான். அந்த அம்மா அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அவன் கை முழுக்கக் கருப்பு. கழுவிச் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று சாமானை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

நான் அதைக் கழுவினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். வெளிதேசத்துக்குப் போகிற சாமான், நம் அறையிலிருந்து அழுக்காகவா போவது என்றுதான் நினைத்தேன். மற்றதைவிடக் கூடுதலாகவே ஊறப்போட்டேன். துளைக்குள் கம்பி விட்டு, ஏர் அடித்தேன். மண்ணெண்ணெயோடு அந்தக் கட்டியும் சாக்கடைக்குப் போயிற்று. கேம் ஷாஃப்ட் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது.

ஜெபராஜ் வந்து பார்த்தான். “கழுவிட்டீங்களாக்கா?” என்றான். அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். ஒர்க்ஸ் மேனேஜரும் வந்தார். அந்த அம்மா சாமானை எடுத்து, துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. மேனேஜர் என்னைப் பார்க்காமலே, “பேசாம இருங்கக்கா. கழுவினது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்,” என்றார். அந்த மாதம்தான் எங்கள் சென்டருக்கு கிரேடு போட கம்பெனியிலிருந்து வருவதாக இருந்தது. கிளைம் சாமானைக் கெடுத்துவிட்டோம் என்று எழுத்தில் போனால் கிரேடு போய்விடும். அவருக்கு அது பெரிய விஷயம். அவருடைய உத்தியோக உயர்வு அதில் இருந்தது.

கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நான் தவறவில்லை. “ஜெபராஜு, அவியகிட்ட சொல்லு. ஓட்டைல பேஸ்ட்டு இருந்துச்சு, நான்தான் தெரியாமக் கழுவிட்டேன்னு சொல்லு,” என்றேன். அவன் சொன்னான். அந்த அம்மா என் தோளில் கை வைத்து, “சாலு அக்கா” என்றார்.

அவர் தன் ஊர் டீலரிடம் பேசினார். சாமான் கழுவப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, கழுவிய ஆள் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை சர்வீஸ் சென்டர் தன்னுடைய மெயிலிலிருந்து நேராக அனுப்பினால் ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னார்களாம். இனி எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது என்று ஜெபராஜ் சொன்னபோது, வெட்கத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு நிமிர்வு வந்தது. என்னால் கெட்டதை நானே நிமிர்த்திவிடுவேன் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் ஒரு தாளை டைப் அடித்துக் கொண்டுவந்தார். இங்கிலீஷ். ஜெபராஜ் அன்று லீவு. அந்த அம்மா கவுண்டருக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தார். மேனேஜர் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

“நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன். வாசிச்சுப் பாத்துட்டே போடுங்கக்கா,” என்றார்.

அவருக்குத் தெரியும். அந்த சென்டரில் எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் தாளை வாங்கினேன். மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி யோசிப்பதுபோலக்கூட நின்றேன். தலையாட்டினேன். ‘குருவம்மாள்’ என்று தமிழில் கையெழுத்துப் போட்டேன். வெளியே அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பினார்.

அந்தத் தாள் மெயிலில் போயிற்று. அதன் நகலும், பின்னால் வந்த பதிலும் பிரிண்ட் எடுத்து என் அறைக்கு வந்தன. துளை போட்டு ஃபைலில் கோர்த்தவள் நான்.

ஐந்தாம் நாள் கிளைம் இல்லை என்று வந்தது. மேனேஜர் “கம்பெனி ஒத்துக்கலக்கா, நாம என்ன செய்ய” என்றார். வண்டியைப் பலகைப் பெட்டியில் அடைத்து, தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி பேசினார்கள். லாரி வந்த அன்று அந்த அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, சூடாகப் பால்கோவா வாங்கி வந்திருந்தேன்.

அவர் என் அறைக்கே வந்தார். கையில் ஒரு தாள். என்னிடம் ஏதோ கேட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டார். அதில் ‘வொய்’ என்ற வார்த்தை இரண்டு மூன்று தடவை வந்தது. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஏன் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கையை மேலே காட்டினேன், எல்லாம் அவன் செயல் என்கிற மாதிரி. சிரித்தேன். தலையாட்டினேன். எனக்குப் புரியாத எதற்கும் அப்படித்தான் செய்வது. பால்கோவாப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன்.

அவர் அதைச் சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு என் மேசையில், டேக்குகளுக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். ‘அக்கா’ என்று சொல்லவில்லை. பின்பெட்டி மூடியில் அந்தக் கோடு ராஜபாளையத்தோடு நின்றபடி லாரியில் ஏறிற்று.

எனக்குக் கோபம் வந்தது. மனசாரத் தப்பை ஒத்துக்கொண்டவள் நான். கையெழுத்துப் போட்டவள் நான். வாங்கிக் கொடுத்த பண்டத்தைத் தொடாமல் போகிறாள் என்றால் என்ன திமிர்? ஏழு வருஷம் அந்தக் கதையை, வீட்டுக்குப் போகிற மம்சாபுரம் பஸ்ஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். “அம்புட்டு தூரம் வந்தவளுக்கு ஒரு பால்கோவாவ வாங்கிக்கிட மனசில்ல பாரு” என்று. கேட்டவர்களும் ஆமாம் என்றார்கள்.

போன வருஷம் நான் ஓய்வு பெறுகிற மாதம், பழைய ஃபைல்களைக் கழிக்க வேண்டியிருந்தது. எதை வைப்பது எதைக் கிழிப்பது என்று பார்க்க காவியாவை உட்கார வைத்தேன். சர்வீஸ் அட்வைசராக வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவள் ஒரு தாளில் நின்றாள்.

“ஆச்சி, இதுல ஒங்க கையெழுத்து இருக்கு.”

“அந்த வெள்ளக்காரி வண்டி. கிழிச்சுப் போடு.”

“இல்ல ஆச்சி. நீங்க ஏன் இப்படி எழுதிக் குடுத்தீங்க?”

அவளை வாசிக்கச் சொன்னேன். தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள். ‘பழைய பாகங்களுக்குப் பொறுப்பாளராகிய நான் தெரிவிப்பது: இந்தப் பாகம் என்னிடம் வந்தபோதே சுத்தமாக இருந்தது. துளையில் எந்த அடைப்பையும் நான் பார்க்கவில்லை. முன்பு நான் வாயால் சொன்னது, வாடிக்கையாளர் மேல் இரக்கப்பட்டுச் சொன்னது. இதை வாசித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்.’ அடுத்த தாள் அவருடைய ஊர் டீலர் அனுப்பிய பதில். பொறுப்பாளரே மறுத்துவிட்டதால், ஆயில் பார்க்காமல் ஓட்டியதுதான் காரணம் என்று முடிவு செய்கிறோம், இன்ஜினுக்கு வாரண்டி இனி இல்லை என்று இருந்தது. அந்தத் தாளைத்தான் அவர் அன்று கையில் வைத்திருந்தார்.

ஏழு வருஷம் அது என் அறையில் இருந்தது. வாராவாரம் நான் தூசி தட்டிய ஃபைலில்.

மேனேஜர் உத்தியோக உயர்வோடு எப்போதோ வேறு ஊருக்குப் போயிருந்தார். நான் ஜெபராஜிடம் போனேன். சோப்புப் பொடி போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன்.

“ஒனக்குத் தெரியுமாலே?”

பார்த்ததும் தெரிந்துகொண்டான். “இதே மாதிரி ஒரு தாள எங்கிட்டத்தான் மொதல்ல கொண்டாந்தாரு. நீயும் பாத்தவன்தான, நீ போடுன்னாரு. வாசிச்சேன். முடியாதுன்னுட்டு மறுநாள் லீவு போட்டுட்டேன். திரும்பி வந்தா நீங்க போட்டுட்டீங்கன்னாவ. நீங்களும் வேலைக்குப் பயந்து வாசிச்சுட்டே போட்டீங்கன்னு நெனச்சேன். ஒங்கள எப்படிக்கா கேக்க?”

“எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுலே.”

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். கைச் சோப்பு காயக் காய அவன் அப்படியே நின்றான். அந்த அம்மாவிடமாவது நீ சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முடியாது என்றதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று அவன் இருந்தான். கையெழுத்துப் போட்டதோடு என் பொறுப்பு முடிந்தது என்று நான் இருந்தேன்.

பழைய ஜாப் கார்டில் அந்த அம்மாவின் மெயில் விலாசம் இருந்தது. காவியாவை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொல்லி எழுதச் சொன்னேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன், இரண்டு தடவை. அனுப்பினாள். அந்த விலாசத்தில் இப்போது ஆள் இல்லை என்று உடனே திரும்பி வந்துவிட்டது.

ஆகையால் பிள்ளைகளே, கழற்றின சாமானைக் கழுவாதீர்கள். சோற்றுக்குப் போகிறதுக்கு முன்னால் போட்டோ எடுங்கள். அதெல்லாம் எந்த ரூல் புத்தகத்திலும் இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு தாள் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். பார்த்துக்கொண்டு நிற்பவர் எந்த தேசத்துக்காரராக இருந்தாலும் அவர் முன்னால் சொல்லுங்கள். என் கணக்கை முடிக்கிற தாளை ஆபீசில் நீட்டியபோது, காவியாவை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். இன்னும் மெதுவாக வாசி என்றேன்.

அந்த அம்மா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அன்றைக்கு அவர் அந்தப் பால்கோவாவை வாங்கிக்கொண்டு போயிருந்தால், இன்றைக்கு அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.